பெயிண்ட் வாளியில முட்டை போடுற கோழிக – மூணு வருஷ அனுபவம்

செங்கோட்டை தாண்டி புளியரை பக்கம் எங்க வீடு, எஸ் வளைவு ஏறி எறங்குனா ஆரியங்காவு, கேரளா வந்துரும். ஜூன் பொறந்துட்டா கணவாய்க் காத்தோட சாரல் அடிக்கும், துணி காய ரெண்டு நாளாகும். இத மொதல்லயே சொல்லிர்றேன், ஏன்னா கோழி முட்டை போடுற பெட்டிக்கு மரம், அட்டைன்னு சொல்ற ஐடியாவெல்லாம் காஞ்ச ஊருக்குத்தான் செட் ஆகும், ஈரம் இருக்குற ஊருல கதையே வேற.

பதினோரு பெட்டைக்கோழி, ஒரு சேவல், எல்லாம் நாட்டுக்கோழிதான். பெட்டி இல்லாதப்ப வைக்கப்படப்புல, விறகு அடுக்குக்குள்ளன்னு இஷ்டத்துக்குப் போட்டுச்சு. ஒரு தடவ படப்ப பிரிக்கும்போது பதினாலு முட்டை கெடந்துச்சு, அத்தனையும் கூமுட்டை. கண்ணுல படாம போனதுல பாதிய கீரியும் பாம்பும் தின்னுருக்கும், அந்தக் கணக்கு யாருக்குத் தெரியும்.

மொதல்ல பழக்கடைல இருந்து ஆப்பிள் அட்டைப்பெட்டி வாங்கி வச்சேன், காசு கெடயாது, சாரல் ஆரம்பிச்சு மூணே வாரத்துல அடி ஊறி கையோட வந்துருச்சு. அடுத்து 15 கிலோ எண்ணெய் டின்ன வெட்டி படுக்க வச்சேன், அது ரொம்ப குறுகல், உள்ள போன கோழி திரும்ப எடமில்லாம பின்னாலயே வரும், சித்திரை வெயில்ல தகரம் கொதிக்கும், வெட்டுன ஓரம் வேற கத்தி மாதிரி. டின்ன யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அப்புறம் எங்க அத்தை, "எங்க அம்ம கடகத்துலதான் அடை வைப்பா, நீ கடகத்த வச்சுப் பாரு"ன்னு பனையோலைல பின்னுன கடகக் கூடை ரெண்டு எடுத்துக் குடுத்தாங்க. உண்மையச் சொல்லணும்னா கோழிகளுக்கு அதுதான் ரொம்பப் புடிச்சிருந்துச்சு, மெத்துன்னு இருக்கும், ஒடம்புக்கு ஏத்த மாதிரி வளைஞ்சு குடுக்கும். ஆனா ரெண்டாவது மாசம் செள்ளுங்குற குட்டிப் பூச்சி வந்துருச்சு. பகல்ல ஒண்ணுமே தெரியாது, ஓலைப் பின்னலுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும், அடையில இருந்த கோழி கொண்டை வெளுத்துப் போச்சு. வெயில்ல போட்டு, வெந்நி ஊத்தி, சாம்பல் தூவி எல்லாம் பாத்தோம், பின்னல் இடுக்குல இருந்து முழுசா போகவே இல்ல. அத்தைக்கும் மனசு கேக்கல, ஆனாலும் அவங்களே தூக்கி அடுப்புல வச்சுட்டாங்க.

அதுக்கப்புறம்தான் 20 லிட்டர் பெயிண்ட் வாளி. பெயிண்டிங் வேல பாக்குற அண்ணாச்சிட்ட ஒண்ணு 60 ரூபாய்க்கு நாலு வாங்குனேன். சுவத்துக்கு அடிக்கிற தண்ணி பெயிண்ட் இருந்த வாளியா பாத்து வாங்குங்க, பூச்சிமருந்து கேன் பக்கமே போயிராதீங்க. ஒட்டுன பெயிண்ட தேச்சு உரிச்சு, ஒரு வாரம் வெயில்ல போட்டு வாடை போன பெறகுதான் வச்சேன். வாய் அகலம் ஒரு அடி கிட்ட வருது, கோழி உள்ள போயி நல்லா சுத்தித் திரும்பலாம். மூடிய ஆக்சா பிளேடால அறுத்து, கீழ ஒரு நாலு விரக்கட பாகத்த மட்டும் விட்டுட்டு மேல தெறந்துட்டேன், அந்தத் தடுப்பு இல்லன்னா வைக்கோலும் முட்டையும் வெளிய உருண்டுரும். அறுத்த ஓரத்துக்கு பழைய சைக்கிள் டியூப நீளவாக்குல கீறி மாட்டி விட்டேன், இப்ப காலும் கிழியாது, நெஞ்சும் உரசாது. வாளிய படுக்க வச்சா கீழ வர்ற பக்கத்துல ஆணியச் சுட வச்சு நாலஞ்சு ஓட்டை, தண்ணி எறங்க.

வாளிய படுக்க வச்சா உருளும், அதுனால ரெண்டு பக்கமும் செங்கல் குடுத்து கட்டுக்கம்பியால சட்டத்தோட கட்டிட்டேன். தரையில இருந்து ஒன்றரை அடி ஒசரம். கோழி ஏறி அடையுற கம்பு இத விட ஒசரமா இருக்கணும், மொத வருஷம் கம்பு தாழ்வா இருந்ததுல எல்லாம் வாளிக்குள்ளயே தூங்கி எச்சம் போட்டு வச்சுச்சு, கம்ப ஏத்திக் கட்டுன மறுவாரமே சரியாச்சு. வாய் கெழக்க பாத்து, மேல்பாதிக்கு சாக்குத் திரை. உள்ள இருட்டா இருந்தாத்தான் அதுக்கு தைரியம் வரும். பழக்குறதுக்கு குண்டாத்துல இருந்து முட்டை மாதிரி வெள்ளக் கூழாங்கல் பொறுக்கி ஒவ்வொண்ணுலயும் போட்டேன், நாலாவது நாள் மொத முட்டை.

அன்னைக்கு காலைல ஒரு வெடக்கோழி உள்ள போயி மூணு சுத்து சுத்தி, ஒக்காந்து, வைக்கோல ஒவ்வொண்ணா கொத்தி தன் முதுகு மேலயே போட்டுக்கிட்டு இருந்துச்சு. எந்திரிச்சு கேறுனதும் போயி எடுத்தேன், முட்டை சூடா ஈரமா இருந்துச்சு, கையிலயே பாத்துக்கிட்டு இருக்கும்போதே அந்த ஈரம் காஞ்சுச்சு. அப்படிக் காஞ்சு ஓட்டு மேல படியுற பூச்சுதான் முட்டைக்குள்ள கிருமி போகாம காக்குறது, அதுனால அடைக்கு வைக்கிற முட்டைய கழுவவே கூடாது. பெட்டி சுத்தமா இருந்தா கழுவுற வேலயே வராது.

நாலஞ்சு கோழிக்கு ஒரு பெட்டி போதும். நாலு வச்சாலும் எங்க கோழிக எல்லாம் ஓரத்து வாளிக்குத்தான் வரிசைல நிக்கும். உள்ள வைக்கோல்தான் நல்லது, நாலு விரக்கட கனமா போடணும், கொறஞ்சா முட்டை தட்டி ஒடைஞ்சு, ஒரு தடவ ருசி பாத்த கோழி அத நிறுத்தாது. உமி போட்டா கிளறித் தள்ளிருது. தேங்கா நார் வேணவே வேணாம், ஒரு குஞ்சுக்கு கால்ல சுத்தி வீங்கிப் போச்சு. சாரல் மாசத்துல வாரம் ஒருக்கா மாத்திருவேன், பூஞ்சை பிடிச்ச வைக்கோல் கோழிக்கு மூச்சு எளப்பு குடுக்கும். அடியில கொஞ்சம் சாம்பல், வேப்பிலை. வாளிக்கு இடுக்கே இல்லாததால மூணு வருஷத்துல செள்ளு ஒரே ஒரு தடவதான் வந்துச்சு, கழட்டி சோப்புத்தண்ணில கழுவி காய வச்சதோட போச்சு.

கொறைன்னு பாத்தா, சாயங்கால வெயில் நேரா படுற எடத்துல இருந்த ஒரு வாளி ரெண்டாவது வருஷ முடிவுல பொரிஞ்சு விரிசல் விட்டுருச்சு. நெழல்ல இருக்குற மூணும் இன்னும் அப்படியே இருக்கு. அடைக்கோழி 21 நாள் ஒரு வாளியப் புடிச்சுக்கிட்டா மத்ததுக்கு எடஞ்சல், அதுக்குத் தனியா ஒண்ணு வேணும். அண்ணாச்சிட்ட ரெண்டு வாளிக்குச் சொல்லி வச்சிருக்கேன், சாரலுக்கு முன்னாடி வந்துரணும், கருப்புக் கோழி இப்பவே இறக்கய விரிச்சுக்கிட்டு அடைக்கு ஒக்காரப் பாக்குது.