இனிப்பை விட்டுவிடுவதா, அளந்து சாப்பிடுவதா? எடை குறைப்பவர்களுக்கு ஐந்து வழிகளின் ஒப்பீடு

எடையைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்த அன்றைக்கே நம்மில் பலர் செய்கிற முதல் காரியம், வீட்டில் இருக்கும் இனிப்பையெல்லாம் யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுவது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். 5 வாரம் ஒரு துண்டு சாக்லேட்கூட வாயில் வைக்கவில்லை, எடையும் இறங்கியது. ஆறாவது வாரம் ஒரு பிறந்தநாள் கேக்கைத் தொட்டேன். அன்றைக்கு ஆரம்பித்த இனிப்பு 10 நாள் நிற்கவே இல்லை. அதன் பிறகு வாரம் ஒரு நாள் மட்டும், சுகர் ஃப்ரீ, வெறும் பழம், தினமும் கொஞ்சம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். எது எங்கே தாங்கும், எங்கே உடையும் என்று இப்போது ஓரளவு தெளிவாகச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு, தினமும் அளந்து வைத்த சிறு துண்டு நிஜ இனிப்பு, அதுவும் சாப்பாட்டை முடித்த கையோடு சாப்பிடுவதுதான் நீண்ட நாள் தாங்கும் வழி. எல்லோருக்கும் இது பொருந்தாது. யாருக்குப் பொருந்தாது என்பதையும் சொல்கிறேன்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிக்கொள்வோம். சர்க்கரை உடம்புக்குள் போனாலே கொழுப்பு கரைவது நின்றுவிடும் என்று நம்புகிறவர்கள் நிறைய. 1997இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில், அதிக எடையுள்ள 42 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து 6 வாரம் ஒரே அளவு கலோரி கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு மொத்தக் கலோரியில் 43 சதவீதம் சர்க்கரையிலிருந்து வந்தது. இன்னொரு குழுவுக்கு வெறும் 4 சதவீதம். இரு குழுவிலும் ஏறத்தாழ ஒரே அளவு எடைதான் குறைந்தது. எடையைப் பொறுத்தவரை மொத்தக் கணக்குதான் முக்கியம் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியாது.

ஆனால் அந்தப் பெண்களுக்கு உணவை அளந்து கையில் கொடுத்தார்கள். நமக்கு அப்படி யாரும் கொடுப்பதில்லை. இனிப்பின் பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது: அது வயிற்றை நிரப்பாமலே கலோரியை ஏற்றும். ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி. பெரும்பாலான இனிப்புகள் இரண்டையும் சேர்த்துக் குழைத்தவை. அதனால்தான் 100 கிராம் டார்க் சாக்லேட் 600 கலோரியைத் தொடுகிறது. க்ரீம் தடவிய கேக் ஒரு பெரிய துண்டு 350ஐ எளிதாகத் தாண்டும். 100 கிராம் சாதாரண வெனிலா ஐஸ்கிரீமில் சுமார் 200 கலோரிதான். அதில் பாதிக்கு மேல் தண்ணீர் இருப்பதுதான் காரணம். ஐஸ்கிரீமைவிடச் சாக்லேட் 'நல்லது' என்று நினைத்துக் கைநிறைய எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எடை தவிர, ஆரோக்கியத்துக்கென்று ஒரு வரம்பும் உண்டு. உணவில் சேர்க்கும் சர்க்கரை, தேன், பாகு, பழச்சாறு எல்லாம் சேர்ந்து மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு 10 சதவீதம் என்றால் 50 கிராம், 5 சதவீதம் என்றால் 25 கிராம், அதாவது சுமார் 6 டீஸ்பூன். காபி, டீ, பிஸ்கட், சாஸ் எல்லாம் இந்தக் கணக்குக்குள்தான் வருகின்றன.

முழுசாக நிறுத்துவதா, தினமும் கொஞ்சமா?

அசல் போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

முழுசாக நிறுத்துவதில் ஒரு பெரிய வசதி: யோசிக்கவே வேண்டாம். 'இன்றைக்கு எவ்வளவு' என்ற கேள்வியே எழாது. ஒரு துண்டு சாப்பிட்டால் டப்பா காலியாகும்வரை கை நிற்காது என்று தன்னைப் பற்றி நிச்சயமாகத் தெரிந்தவர்களுக்கு, குறைந்தபட்சம் ஆரம்ப வாரங்களில், இது நல்ல வழிதான். இனிப்பு இல்லாமலே பழகியவர்களுக்கு நாள் போகப்போக ஏக்கம் தணிவதும் உண்டு.

உடையும் இடம் வேறு. 1975இல் பீட்டர் ஹெர்மனும் டெபோரா மாக்கும் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. கல்லூரி மாணவிகளுக்கு மில்க்‌ஷேக் கொடுத்துவிட்டு, ருசி பார்க்கச் சொல்வதுபோல ஐஸ்கிரீமை முன்னால் வைத்தார்கள். உணவில் கட்டுப்பாடு எதுவும் வைத்துக்கொள்ளாதவர்கள், மில்க்‌ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். கடும் கட்டுப்பாட்டோடு இருந்தவர்கள் தலைகீழ்: மில்க்‌ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமை அதிகமாகச் சாப்பிட்டார்கள். 'விரதம்தான் கெட்டுப்போச்சே, இனி எவ்வளவு சாப்பிட்டால் என்ன' என்ற மனநிலை அது. என்னுடைய அந்தப் 10 நாளுக்கு இதைவிடச் சரியான விளக்கம் கிடையாது. 2005இல் வந்த இன்னொரு ஆய்வில், உணவைக் கட்டுப்படுத்தும் பழக்கமுள்ளவர்களை ஒரு வாரம் சாக்லேட் சாப்பிட வேண்டாம் என்று தடுத்தபோது, தடை நீங்கியதும் அவர்கள்தான் மற்றவர்களைவிட அதிகம் சாக்லேட் சாப்பிட்டார்கள்.

தினமும் கொஞ்சம் என்ற வழியில் 'கெட்டுப்போவதற்கு' ஒன்றுமே இல்லை. இனிப்பு திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. நாளைக்கும் கிடைக்கும் என்று மனசுக்குத் தெரிவதால் இன்றைக்கே தீர்த்துவிட வேண்டும் என்ற அவசரம் குறைகிறது. இதை நான் உணர்ந்தது மூன்றாவது வாரத்தில்: அன்றைக்கு எடுத்து வைத்த சாக்லேட்டை மறந்தே போய்விட்டேன். முழுசாக விட்டிருந்த 5 வாரத்தில் சாக்லேட்டை நினைக்காத நாளே கிடையாது.

இதன் பலவீனம் 'கொஞ்சம்' என்ற சொல்லில் இருக்கிறது. கண் அளவு ஏமாற்றும். 20 கிராம் டார்க் சாக்லேட் 120 கலோரி. கை தவறி 40 கிராம் போனால் 240. தினமும் 120 கலோரி கூடுதலாகப் போனால் மாதத்துக்கு 3600. ஒரு கிலோ கொழுப்பு சுமார் 7700 கலோரி என்பது பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால் கிட்டத்தட்ட அரை கிலோ குறைய வேண்டியது குறையாமல் நிற்கும். ஆகவே முதல் சில வாரமாவது தராசில் நிறுத்துத்தான் எடுக்க வேண்டும். அலுப்பாக இருக்கும், ஆனால் கண்ணும் கையும் அளவைப் பழகுவதற்கு வேறு வழி இல்லை.

வாரம் ஒரு நாள்

சீட் டே என்று சொல்கிறார்களே, அது. ஆறு நாள் கட்டுப்பாடு, ஏழாவது நாள் கட்டவிழ்ப்பு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எடை மாறாமல் இருக்க 2000 கலோரி தேவைப்படும் ஒருவர் தினமும் 1600 சாப்பிடுகிறார். நாளுக்கு 400 மிச்சம். ஏழு நாளுக்கு 2800. ஆறு நாள் இப்படி இருந்துவிட்டு ஏழாவது நாள் 3500 சாப்பிட்டால், ஆறு நாளில் சேர்ந்த 2400இல் 1500 கரைந்துவிடும். மீதி 900. வாரம் முழுக்கப் பட்ட பாட்டில் மூன்றில் ஒரு பங்குகூடக் கையில் நிற்பதில்லை. 3500 என்பது மிகையான எண்ணும் இல்லை. வழக்கமான மூன்று வேளையோடு ஒரு பெரிய ஐஸ்கிரீம், இரண்டு துண்டு கேக், ஒரு மில்க்‌ஷேக் சேர்ந்தால் போதும்.

அதே நபர் தினசரி 1600க்குள்ளேயே 120 கலோரி இனிப்புக்கு ஒதுக்கினால் 2800 அப்படியே நிற்கும்.

வாரத்துக்கு ஒரு 'நாள்' என்பதை ஒரு 'வேளை' என்றோ, ஒரு 'இனிப்பு' என்றோ சுருக்கிக்கொண்டால் இந்த வழியும் வேலை செய்யும். வெளியே நண்பர்களோடு சாப்பிடுவதுதான் சந்தோஷம், வீட்டில் தனியாக இனிப்பு தேவையே இல்லை என்பவர்களுக்கு இது தினசரித் துண்டைவிடப் பொருத்தம். அதைத் தாண்டி, கட்டவிழ்த்த நாளை எதிர்பார்த்தே ஆறு நாளைக் கழிப்பது உணவோடு நல்ல உறவை வளர்க்காது என்றுதான் எனக்குப் படுகிறது.

சுகர் ஃப்ரீ

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 'சர்க்கரை இல்லை' என்றால் 'கலோரி இல்லை' என்று அர்த்தம் இல்லை. சுகர் ஃப்ரீ சாக்லேட்டில் பெரும்பாலும் மால்டிடால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்களை (பெயர்தான் அப்படி, மது இல்லை; இனிப்பூட்டும் பொருள்கள்) சேர்க்கிறார்கள். மால்டிடாலுக்கும் கிராமுக்கு 2க்கு மேல் கலோரி உண்டு. சாக்லேட்டில் இருக்கும் கொழுப்பு அப்படியே இருக்கிறது. ஆக, சாதாரணச் சாக்லேட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அட்டையில் தெரிகிற அளவுக்குப் பெரியதாக இருக்காது. அதிகமாகச் சாப்பிட்டால் வயிறு உப்பும், வயிற்றுப்போக்கும் வரும்.

குளிர்பானம் வேறு கதை. அதில் கலோரி முழுக்கச் சர்க்கரையிலிருந்துதான் வருகிறது. ஆகவே அஸ்பார்டேம், சுக்ரலோஸ் போன்ற செயற்கை இனிப்பூட்டிகள் போட்ட டயட் வகைக்கு மாறினால் கலோரி உண்மையிலேயே பூஜ்யத்துக்குப் பக்கம் போகும். தினமும் இரண்டு மூன்று குளிர்பானம் குடித்துப் பழகியவருக்கு அது நல்ல இடைப்படி. (பிறவியிலேயே ஃபீனைல்கீட்டோனூரியா என்ற குறைபாடு உள்ளவர்கள் அஸ்பார்டேமைத் தொடக் கூடாது.) ஆனால் 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம், எடைக் கட்டுப்பாட்டுக்காகச் செயற்கை இனிப்பூட்டிகளையோ செடியிலிருந்து எடுக்கும் ஸ்டீவியாவையோ நம்ப வேண்டாம் என்று பரிந்துரைத்தது. குறுகிய காலச் சோதனைகளில் சிறிய அளவில் எடை குறைந்தாலும், நீண்ட காலத்தில் உடல் கொழுப்பைக் குறைக்கும் பலன் தெரியவில்லை என்பது அதன் காரணம். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

ருசியைப் பற்றி என் கருத்து: சுகர் ஃப்ரீ பிஸ்கட் நான்கு சாப்பிட்டும் திருப்தி வராமல், கடைசியில் நிஜ பிஸ்கட் ஒன்றையும் எடுத்த நாள்கள் எனக்கு உண்டு. ஐந்துக்கும் கலோரி ஏறியதுதான் மிச்சம்.

பழம்

கலோரிக்குக் கிடைக்கும் அளவை வைத்துப் பார்த்தால் பழத்தை எதுவும் வெல்ல முடியாது. 120 கலோரிக்கு 20 கிராம் டார்க் சாக்லேட். அல்லது ஒரு சின்ன கரண்டி ஐஸ்கிரீம். அல்லது 350 கிராமுக்கு மேல் ஸ்ட்ராபெரி. ஒரு நடுத்தர ஆப்பிள் 95 கலோரி, வாழைப்பழம் 105. நாரும் தண்ணீரும் இருப்பதால் வயிறும் நிரம்பும். 150 கிராம் கொழுப்பு நீக்கிய கெட்டித் தயிரில் 100 கிராம் ஸ்ட்ராபெரியை நறுக்கிப் போட்டால் அதுவும் ஏறக்குறைய அதே 120 கலோரிதான்; கூடவே சுமார் 15 கிராம் புரதமும் கிடைக்கிறது. பசியோடு இருக்கும் மாலை நேரத்தில் இதற்கு ஈடு இல்லை.

ஆனால் பசி வேறு, ஆசை வேறு. சாக்லேட் வேண்டும் என்று மனசு கேட்கும்போது ஆப்பிளைக் கொடுத்தால் ஆப்பிளும் போகும், அரை மணி நேரத்தில் சாக்லேட்டும் போகும். பசிக்குப் பழம், ஆசைக்கு நிஜ இனிப்பு என்று நான் பிரித்துக்கொண்டது அதனால்தான். பழத்தைச் சாறாக்கிவிட்டால் இந்த நன்மை போய்விடும். நார் குறைந்து, குடித்து முடிக்கவும் அரை நிமிடம்தான் ஆகும்.

தேன், பழுப்புச் சர்க்கரை, பேரீச்சம்பழம் போட்ட 'ஆரோக்கிய' உருண்டைகள் பற்றி ஒரு வரி: ஒரு டேபிள்ஸ்பூன் தேன் 64 கலோரி, பெரிய மெட்ஜூல் பேரீச்சை ஒன்று 66. பேரீச்சையில் நாராவது இருக்கிறது. தேன் எடையைப் பொறுத்தவரை சர்க்கரையேதான்.

எப்போது சாப்பிடுவது?

2012இல் டேனியெலா யாகுபோவிச் குழுவினர் இஸ்ரேலில் நடத்திய 32 வார ஆய்வு இந்த விஷயத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. உடல் பருமனுள்ள 193 பேர். இரு குழுவுக்கும் நாள் முழுக்க ஒரே கலோரி. ஒரு குழுவுக்குக் காலையில் இனிப்போடு கூடிய 600 கலோரி உணவு, மற்றதற்கு மாவுச்சத்து குறைந்த 300 கலோரி உணவு. 16 வாரத்தில் இரு குழுவிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு எடை குறைந்தது. அடுத்த 16 வாரத்தில் இனிப்பு சாப்பிட்டவர்களுக்கு மேலும் குறைந்தது. மற்றவர்களுக்கு இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிட்டது. கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலை உணவு அளவிலும் பெரியது, புரதமும் அதிகம். பெருமையை முழுக்க இனிப்புக்குக் கொடுப்பது சரியாக இருக்காது. பசியும் ஏக்கமும் அவர்களுக்குக் குறைந்திருந்தது என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

என் அனுபவத்தில் காலையா மாலையா என்பதைவிட, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதுதான் பெரிய வித்தியாசம். வெறும் வயிற்றில் எடுத்த இனிப்பு 'இன்னொன்று' என்று கேட்கும். புரதமும் காய்கறியும் சாப்பிட்ட பிறகு எடுத்தது அப்படிக் கேட்பதில்லை. வயிறு நிறைந்தாலும் இனிப்புக்கு மட்டும் இடம் இருப்பதுபோலத் தோன்றுவது உண்மைதான். சாப்பிட்ட ருசி சலித்தாலும் வேறு ருசி சலிப்பதில்லை என்று 1981லேயே பார்பரா ரோல்ஸும் உடன் பணியாற்றியவர்களும் காட்டியிருக்கிறார்கள். அதே காரணத்தால் இனிப்பு ஒரே வகையாக இருப்பது நல்லது. மூன்று வகை ஐஸ்கிரீமில் ஒவ்வொரு கரண்டி எடுத்தால், ஒரே வகையைவிட அதிகம் உள்ளே போகும்.

யாருக்கு எது?

சர்க்கரை நோய்க்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதில் எதையும் மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேட்காமல் தொடங்கக் கூடாது. கட்டுக்கடங்காமல் சாப்பிட்டுவிட்டுக் குற்ற உணர்ச்சியில் துடிப்பவர்கள் கலோரி எண்ணுவதையே முதலில் நிறுத்திவிட்டு உதவி தேட வேண்டும். அவர்களுக்கு அளவுத் தராசு நல்லது செய்யாது. ஒரு துண்டோடு நிறுத்த முடியாத பண்டம் ஒன்று உங்களுக்கு இருந்தால், அந்த ஒன்றை மட்டும் வீட்டுக்கு வாங்காமல் இருங்கள். மற்றவற்றைத் தினமும் சாப்பிடலாம். குளிர்பானம்தான் உங்கள் பிரச்சினை என்றால் டயட் வகை, அப்புறம் மெல்லத் தண்ணீர். மற்ற எல்லோருக்கும் தினசரிச் சிறு துண்டு.

நான் செய்வது இதுதான். ஞாயிற்றுக்கிழமை 140 கிராம் டார்க் சாக்லேட்டை நிறுத்து, 20 கிராமாக ஏழு சின்ன டப்பாவில் போட்டு வைத்துவிடுகிறேன். இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய பிறகு ஒரு டப்பா. போனைத் தள்ளி வைத்துவிட்டு, உட்கார்ந்து, மெதுவாக. ஐஸ்கிரீம் சாப்பிடும் நாளில் அன்றைய டப்பாவைத் திறப்பதில்லை.