சும்மா கேட்டால் ஹூயிஸ் எல்லாவற்றையும் சொல்லாது

ஐரோப்பிய வாடிக்கையாளர்களின் ஐபி முகவரிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதனால், ஐரோப்பாவுக்கான ஐபி பதிவகமான ரைப்பின் டேட்டாபேஸில் ஹூயிஸ் (ஒரு முகவரியோ டொமைனோ யாருடையது என்று கேட்கும் வசதி) தேடாத நாளே இல்லை. பல வருடம் புழங்கியதில் அந்தத் தரவின் மேல் நல்ல மரியாதை உண்டு. ஆனால் எந்த ஆப்ஷனும் கொடுக்காமல் கேட்டு, வந்ததை முழுப் பதில் என்று நம்புவதுதான் ஆபத்து.

ஐபி முகவரியிலிருந்து பெயரைக் கண்டுபிடிக்கும் ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஐபி முகவரியைக் கொடுத்தால் அதை உள்ளடக்கிய மிகச் சிறிய பிளாக் (முகவரித் தொகுதி), அதற்கான ரூட் (வழிப் பதிவு), தொடர்பு விவரங்கள் எல்லாம் வரும். ரிவர்ஸ் டெலிகேஷனை, அதாவது அந்தப் பெயர்த் தேடல் எந்த நேம்சர்வரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லும் டொமைன் ஆப்ஜெக்ட் என்ற பதிவு வராது. வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு, 'டெலிகேஷனே போடவில்லை' என்று டிக்கெட்டை மூடிவிடுகிறார்கள். அது இருக்கும்; தனியாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். 192.0.2.0 பிளாக் என்றால் எண்களைத் திருப்பி, 2.0.192.இன்-ஆடர்.ஆர்பா என்று தேட வேண்டும். பெரிய பிளாக்குக்குள் இருக்கும் எல்லாம் வேண்டுமென்றால் சின்ன 'டி' (-d), பெரிய 'எம்' (-M) இரண்டு ஆப்ஷன்களையும் சேர்த்துக் கொடுக்கலாம். நேம்சர்வர் வரிகளோடு வரிசையாக வந்து நிற்கும்.

கேட்காததைத் தருவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கூடவே வரும் தொடர்பு ஆப்ஜெக்ட்கள் தனிப்பட்ட தகவல் கணக்கில் சேரும். ஒரு ஐபியிலிருந்து நாளுக்கு 1,000 வரைதான் அனுமதி. ஸ்கிரிப்ட் ஓட்டுகிறவர்கள் தொடர்பு விவரங்களை விலக்கும் சின்ன 'ஆர்' (-r) ஆப்ஷனை மறந்தால் மதியத்துக்குள் கதவு சாத்தப்படும். ஆளுடைய பெயரும் போனும் தேவையில்லாத தேடலுக்கு அவற்றை அனுப்பாமல் இருப்பதே இயல்பாக இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம், மின்னஞ்சல், நோட்டிஃபை (மாற்றம் நடந்தால் தகவல் போகும் முகவரி) வரிகளை மறைத்துத்தான் பதில் வருகிறது. 'சோர்ஸ்' வரியின் கடைசியில் 'ஃபில்டர்ட்' என்று ஒரு குறிப்பு நிற்கும். கண்ணில் படாமல் போக நிறைய வாய்ப்பு. அப்படி வந்ததை நகலெடுத்துத் திருத்தி அனுப்பினால் டேட்டாபேஸ் ஏற்காது. இது நல்ல பாதுகாப்பு, மனதாரப் பாராட்டுகிறேன். திருத்த வேண்டுமென்றால் பெரிய 'பி' (-B) போட்டு முழுசாக எடுங்கள்.

மற்ற இடங்களில் வேறு வழக்கம். ஜப்பானின் பதிவகத்தில் பெயருக்குப் பின்னால் சாய்கோடும் 'இ'யும் போட்டால்தான் ஆங்கிலப் பதில். இல்லாவிட்டால் ஜப்பானிய மொழிதான். ஒவ்வொரு சர்வருக்கும் ஒவ்வொரு பழக்கத்தை நினைவில் வைப்பது அலுப்பு. ஹூயிஸுக்கு மாற்றாக வந்த ஆர்டாப் இதைப் பெரும்பாலும் சரி செய்கிறது: ஐபிக்கு ஒரு பாதை, டொமைனுக்கு ஒரு பாதை, பதில் நிரல்கள் எளிதாகப் படிக்கும் ஜேசன் வடிவில். 2025 ஜனவரி 28 முதல் .com போன்ற பொது டொமைன்களுக்கு ஹூயிஸ் கட்டாயமில்லை என்று, டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் அமைப்பான ஐகேன் விலக்கிவிட்டது. புது ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் நேராக ஆர்டாபுக்கே போய்விடலாம்.

டெர்மினலில் அவசரத்துக்கு நான் இன்னும் ஹூயிஸ்தான். ஐபி தேடலின் அடியில், 'இந்த பிளாக்குக்கு டொமைன் ஆப்ஜெக்ட் உண்டு' என்று ஒரே ஒரு குறிப்பு வரியை மட்டும் ரைப் சேர்த்தால், தவறாக மூடப்படும் டிக்கெட்டுகள் பாதியாவது குறையும்.