வட்டி வங்கி, வட்டியில்லா வங்கி: நட்டம் வந்தால் யார் தலையில்?

துபாயிலிருந்து லீவில் வந்த மச்சான், அங்கே கார் வாங்கிய ஒப்பந்தத்தைக் காட்டினான். பரங்கிப்பேட்டை வீட்டுத் திண்ணையில் அதையும் என் பைக் கடன் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்த்தோம். என்னுடையதில் அசல், வட்டி. அவனுடையது வட்டி வாங்காத இஸ்லாமிய வங்கி; அதில் வங்கி காரை வாங்கிய விலை, லாபம் வைத்து அவனுக்கு விற்ற விலை, இதுதான் முராபஹா. தவணை தவறினால் வாங்கும் அபராதத்தை அவன் வங்கி லாபத்தில் சேர்க்கக் கூடாது, தர்மத்துக்குப் போய்விட வேண்டும்.

ஆனால் பெரிய வித்தியாசம் கல்லாவில் இருக்கிறது. 2008 உலக நிதி நெருக்கடிக்குப் பின் வங்கிகளுக்கென்று வந்த பாசல் 3 என்ற சர்வதேச விதிப்படி, 30 நாள் நெருக்கடியைச் சமாளிக்கும் அளவுக்குச் சட்டென்று காசாக்கக்கூடிய சொத்து வங்கியிடம் இருக்க வேண்டும். வட்டி வங்கி அரசுக் கடன் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், அதிலும் வட்டி வரும், அவசரத்துக்கு அடகும் வைக்கலாம். இஸ்லாமிய வங்கி அதைத் தொட முடியாது. சுகூக், அதாவது வட்டிக்குப் பதிலாகச் சொத்தின் வருமானத்தில் பங்கு தரும் பத்திரம் வேண்டும், அது போதுமான அளவு கிடைக்காவிட்டால் ரொக்கம் சும்மா கிடக்கும், லாபம் குறையும். மலேசியா இதற்கென்றே 1994இல் வங்கிகள் வட்டியில்லாமல் ஒன்றுக்கொன்று பணம் கொடுத்து வாங்கும் சந்தையைத் திறந்தது. சரக்கைக் கடனுக்கு வாங்கி உடனே விற்றுக் காசாக்கும் தவர்ருக் வழியும் உண்டு, அது எனக்கு உடன்பாடில்லை; பெயர்தான் வியாபாரம், யாருக்கும் அந்தச் சரக்கு தேவையில்லை.

அப்புறம் மூலதனம். கடன் முதலான சொத்துகளை ஆபத்துக்கேற்ப எடைபோட்டு, அதில் 9 சதவீதமும் பாதுகாப்புக்காக அதற்கு மேல் 2.5 சதவீதமும் மூலதனமாக வைக்கும்படி இங்கே ரிசர்வ் வங்கி கேட்கிறது. லாபத்தை வங்கியோடு பகிரும் முதாரபா கணக்கில் பணம் போட்டவர் நட்டத்தையும் ஏற்கிறார் என்றால் வங்கிக்கு அவ்வளவு சொந்த மூலதனம் தேவையில்லை, கணக்கு நியாயம்தான். நடப்பதோ வேறு: வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்று பயந்து வங்கி தன் லாபப் பங்கைக் குறைத்து அவருக்கு லாபம் கொடுக்கிறது. அப்போது நட்டத்தைச் சுமப்பது வங்கிதானே? அதனால் அந்த மூலதனச் சலுகையை எவ்வளவு தருவது என்பதைக் கண்காணிக்கும் அமைப்பே தீர்மானிக்கிறது.

லாபத்தில் 2008இல் இஸ்லாமிய வங்கிகளுக்கு முதல் அடி லேசாகத்தான் விழுந்தது, அமெரிக்க அடமானப் பத்திரங்கள் அவர்களிடம் இல்லை. மறு வருடம் வளைகுடாவில் நிலம், கட்டட விலை சரிந்தபோது பணத்தை அதில் முடக்கியவர்கள் நன்றாகவே அடி வாங்கினார்கள்.

இந்தியாவில் வட்டியில்லா வங்கிச் சேவை வேண்டுமென்று 2008இல் ரகுராம் ராஜன் குழு சொன்னது, 2017இல் ரிசர்வ் வங்கி அந்த யோசனையைக் கைவிட்டது. வாப்பா இன்னமும் பாஸ்புக்கில் வட்டி வரவுக்கெல்லாம் பென்சிலால் கோடு போட்டுக் கூட்டி, அந்தத் தொகையை நன்மை எதிர்பார்க்காமல் தனியே கொடுத்துவிடுகிறார்.