ஜாப் ஸ்கேனர்: லாகின் சரியாக அமைந்தால்தான் பலன்

ஓடிக்கொண்டிருக்கும் வெப் அப்ளிகேஷனில் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேட, இலவசக் கருவிகளில் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது ஜாப் (ZAP). பாரோஸ் என்ற பழைய ப்ராக்ஸியிலிருந்து (பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவே நிற்கும் கருவி) கிளை பிரித்து சைமன் பென்னெட்ஸ் 2010-ல் வெளியிட்டது. மூலநிரல் திறந்தே இருக்கிறது. ஆனால் முகவரியைக் கொடுத்து பட்டனைத் தட்டி, வரும் அறிக்கையை அப்படியே நம்பினால் ஏமாந்துபோவீர்கள்.

நிறுவுவதில் சிக்கல் இல்லை. 2.16 பதிப்புக்கு ஜாவா 17 வேண்டும். வழக்கமான போர்ட் 8080. டாம்கேட் வெப் சர்வரும் அதையே கேட்கும் என்பதால் ஒன்றை மாற்றிவிடுங்கள். பிரவுசரை ஜாப்பிலிருந்தே திறந்தால் எச்டிடிபிஎஸ் பக்கங்களைப் படிக்கத் தேவையான ஜாப்பின் ரூட் சான்றிதழைத் தனியாகச் சேர்க்கும் வேலை மிச்சம்.

பாசிவ் ஸ்கேன் கடந்துபோகும் ரெஸ்பான்ஸ்களைப் படிக்கும், அவ்வளவுதான். ஆக்டிவ் ஸ்கேன் நிஜமாகவே தாக்கும்: படிவங்களை நிரப்பி அனுப்பும், டேட்டாவை அழிக்கும், மெயில்களைக் கிளப்பும். அனுமதி பெற்ற டெஸ்ட் சர்வரில் மட்டும் ஓட்டுங்கள். புரொடெக்டட் மோடில் வைத்தால் நீங்கள் குறித்த எல்லையைத் தாண்டித் தாக்காது.

பலரும் சறுக்குவது லாகினில். தளத்தின் பக்கங்களைத் தேடித் திரட்டும் ஸ்பைடர், கண்ணில் படும் இணைப்பையெல்லாம் தொடரும். லாக்அவுட் இணைப்பையும் விடாது. செஷன் போனபின் மீதி ரிக்வெஸ்ட் எல்லாம் லாகின் பக்கத்துக்கே திரும்பும். அங்கே ஓட்டை இல்லை, அறிக்கை பளிச்சென்று வரும். உள்ளே ஒரு பக்கம்கூடச் சோதிக்கப்பட்டிருக்காது! அதனால் கான்டெக்ஸ்ட் (எதை, எந்த லாகினோடு சோதிப்பது என்ற அமைப்பு) அமைக்கும்போதே லாக்அவுட், பாஸ்வேர்ட் மாற்றம், கணக்கு நீக்கம் மூன்றையும் விலக்குங்கள். லாகின் ஆனபின் மட்டும் தெரியும் சொல் ஒன்றை அடையாளமாகக் கொடுங்கள். அது காணாமல் போனால் ஜாப் மறுபடி லாகின் செய்யும். படிவம் உங்கள் தளத்திலிருந்தே வந்ததா என்று சரிபார்க்கும் ரகசியக் குறியீடுதான் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன். உங்கள் ஃபிரேம்வொர்க் அதை ஜாப் அறியாத பெயரில் வைத்திருந்தால் அந்தப் பெயரையும் ஜாப்பின் பட்டியலில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் படிவங்கள் 403 (அனுமதி மறுப்பு) வாங்கித் திரும்பும். ஸ்கேன் முடிந்ததும் ரெஸ்பான்ஸ் அளவுகளைப் பாருங்கள். வரிசையாக ஒரே அளவு வந்தால் லாகின் பாதியில் விழுந்துவிட்டது.

ரியாக்ட் போன்றவற்றில் எழுதிய தளத்துக்குச் சாதாரண ஸ்பைடர் போதாது. நிஜ பிரவுசரைத் திறந்து பக்கங்களைத் தேடும் அஜாக்ஸ் ஸ்பைடரை ஓட்டுங்கள். ஏபிஐக்கு அதன் முகவரிகளை விவரிக்கும் ஓப்பன்ஏபிஐ கோப்பைக் கொடுப்பதே நல்லது.

டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டியாக, அதாவது கன்டெய்னராக, ஓட்டும் கருவி) வரும் பேஸ்லைன் ஸ்கேன் உண்மையிலேயே அருமை. இயல்பாக 1 நிமிடம் ஸ்பைடர் ஓடும், தாக்குதல் கிடையாது, ஒவ்வொரு பில்டிலும் வைக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை வந்தாலும் எக்சிட் கோட் (முடிவைச் சொல்லும் எண்) 2 வந்து பில்ட் நின்றுவிடும். எரிச்சலில் அந்த ஸ்டெப்பையே தூக்கிவிடாதீர்கள். கான்ஃபிக் கோப்பு உருவாக்கி, எந்த விதிக்கு நிறுத்துவது, எதை விடுவது என்று பிரித்துக்கொள்ளுங்கள். சோதிக்கும் முகவரியாக லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்தால் கன்டெய்னர் உங்கள் கணினியை விட்டுத் தன்னையே தேடும்.

பதில் வரும் நேரத்தை அளந்து கண்டுபிடிக்கும் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் (டேட்டாபேஸ் கட்டளையை உள்ளே நுழைக்கும் தாக்குதல்) எச்சரிக்கைகளில் பொய்யானவை கலந்திருக்கும். சர்வர் சுமையால் தாமதித்தாலும் அது ஓட்டையாகத் தெரியும். ஒரே நேரத்தில் ஓடும் த்ரெட் எண்ணிக்கையைக் குறைத்து அந்த ரிக்வெஸ்டை மட்டும் கையால் திரும்ப அனுப்பிப் பாருங்கள்.

ஆர்டர் எண்ணை மாற்றி இன்னொருவர் பில்லைப் பார்ப்பது போன்ற அனுமதிக் கோளாறுகள் சாதாரண ஸ்கேனில் சிக்காது. வெப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப் வெளியிட்ட 2021 ஆபத்துப் பட்டியலில் முதலிடம் இந்த வகைக்குத்தான். இரண்டு டெஸ்ட் கணக்குகள் வைத்து, ஒன்றின் ரிக்வெஸ்டை மற்றதன் குக்கியோடு அனுப்பிச் சோதியுங்கள். அதற்கான ரிக்வெஸ்ட் எடிட்டரும் ஜாப்பிலேயே இருக்கிறது.