நடுங்கும் ஐட்லிங்: மலிவு அடாப்டரா, கராஜ் ஸ்கேனரா, வெக்கியூம் கேஜா?

பெற்றோல் கார் ஓட்டத்தில் ஒழுங்காக இருந்து, நிறுத்தி இஞ்சினை ஓடவிட்டு நிற்கும் ஐட்லிங் நிலையில் மட்டும் ஸ்டியரிங் நடுங்கி, ஆர்.பி.எம். முள் 500க்கும் 900க்கும் இடையில் ஏறி இறங்கினால், மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கங்களில் அந்தக் குறையை நான்கு வழிகளில் தேடுகிறார்கள். வண்டியின் கணினி பதிந்துவைத்த குறை எண்களை (கோட்களை) வாசிக்கும் கராஜின் பெரிய ஸ்கேனரில் போடுவது ஒன்று. கைபேசியோடு இணையும் மலிவான புளூடூத் அடாப்டரைப் பயன்படுத்துவது இன்னொன்று. இஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுவையை அளக்கும், பழைய மெக்கானிக்மாரின் வெக்கியூம் கேஜும் அவர்களின் செவியும் மூன்றாவது. சந்தேகப்பட்ட பாகத்தை மாற்றிப் பார்ப்பது நான்காவது. தனியார் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியதால், இங்கு ஓடும் விட்ஸ், எக்ஸியோ, அல்டோ போன்றவற்றில் பெரும்பாலானவை வயதான வண்டிகளே. வயதான இஞ்சினில் ஒரே நடுக்கத்துக்குப் பல காரணங்கள் இருக்கலாம் என்பதால், எந்த வழியை முதலில் எடுக்கிறோம் என்பது செலவைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

பாகம் மாற்றிப் பார்க்கும் வழியை முதலிலேயே தள்ளிவிடலாம். பிளக், அதற்கு மின்சாரம் கொடுக்கும் கொயில், புகையை அளக்கும் ஒக்சிசன் சென்சர், காற்று வரத்தைத் திறந்து மூடும் த்ரொட்டில் பொடி என வரிசையாக மாற்றிக்கொண்டு போனால் ஏதோ ஓரிடத்தில் குறை தீரக்கூடும். ஆனால் தீர்த்தது எது என்று யாருக்கும் தெரியாது. இதற்கு ஒரேயொரு விதிவிலக்கு உண்டு. முதலாம் சிலிண்டரில் பெற்றோல் ஒழுங்காக எரியாமல் விடுவதை, அதாவது மிஸ்ஃபயரைக் குறிக்கும் பி0301 என்ற கோட் வந்தால், அந்தச் சிலிண்டரின் கொயிலை இரண்டாம் சிலிண்டருக்கு இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். கோட் பி0302 ஆக மாறினால் கொயில் குற்றவாளி, மாறாவிட்டால் பிளக்கையோ பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டரையோ சிலிண்டரின் அழுத்தமான கொம்பிரஷனையோ பார்க்க வேண்டும். செலவில்லாத, முடிவு தரும் சோதனை இது.

கராஜ் ஸ்கேனரின் உண்மையான பலம் கோட் வாசிப்பதில் இல்லை. உற்பத்தியாளருக்கே உரிய கோட்களைக் காட்டுவது, ஒவ்வொரு சிலிண்டரின் மிஸ்ஃபயரையும் தனித்தனியாக எண்ணுவது, ஓடும் இஞ்சினில் ஓர் இன்ஜெக்டரை மட்டும் நிறுத்திப் பார்ப்பது, த்ரொட்டில் துப்புரவுக்குப் பின் கணினிக்கு ஐட்லிங் அளவை மீண்டும் பழக்கும் ஐட்லிங் கற்றலைச் செய்து முடிப்பது ஆகியவையே அதன் பலம். இவற்றைச் செய்யக்கூடிய கருவி பல கராஜ்களில் இருக்கிறது. ஆனால் கோட்டை வாசித்து, அதை அழித்து, பெயர் வந்த சென்சரை மாற்றச் சொல்வதோடு வேலை முடிந்துவிடுவதையே அடிக்கடி பார்க்கிறோம். நடுக்கம் காலையில் குளிர்ந்த இஞ்சினில் வருகிறது, வண்டியோ நண்பகலில் சூடாகக் கராஜுக்குப் போகிறது என்பது இன்னொரு குறை. அதைவிடப் பெரிய தீங்கு, சோதனைக்கு முன்பே பற்றரி டேர்மினலைக் கழற்றிப் போடும் பழக்கம். கோட் பதிவான கணத்தில் இஞ்சின் வேகம், வெப்பநிலை, சுமை என்னவாக இருந்தன என்ற ஃப்ரீஸ் ஃப்ரேம் பதிவும், கணினி கற்றுவைத்த திருத்தங்களும் அந்த ஒரு செயலில் அழிந்துபோகின்றன. டேர்மினலில் கைவைக்க விடுவதற்கு முன் அவற்றைப் படமெடுத்து வைத்துக்கொள்வது வண்டிக்காரரின் உரிமை.

மலிவு அடாப்டருக்குப் பெரிய ஸ்கேனரின் கட்டளையிடும் திறன் இல்லை. பழைய இணைப்பு முறையுள்ள வண்டிகளில் அது மிக மெதுவாக வாசிக்கும். ஆகவே ஒரு நேரத்தில் மூன்று நான்கு அளவுகளை மட்டும் திரையில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியிருந்தும், ஐட்லிங் குறைக்கு அதிகப் பயன் தருவது இதுதான் என்பது என் முடிவு. காரணம், இது வண்டியிலேயே இருக்கிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னரே வாசிக்கலாம். சாவியை மட்டும் திருப்பிய நிலையில் கூலன்ட் வெப்பநிலையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாக, இங்குள்ள காலை வெயிலுக்கு 27, 28 பாகை அளவில் இருக்க வேண்டும். ஒன்று -40 காட்டினால் அந்தச் சென்சரின் வயர் அறுந்திருக்கிறது. ஓடிச் சூடான பின்னும் கூலன்ட் 70ஐத் தாண்டாவிட்டால், சூட்டுக்குப் பயந்து தெர்மோஸ்டாட்டை யாரோ கழற்றியிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். கணினி இஞ்சினை இன்னும் குளிர்ந்ததாகவே கருதி மேலதிகப் பெற்றோலைக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

அடுத்தது ஃபியூல் ட்ரிம். கணக்கிட்ட பெற்றோலுக்கு மேல் எத்தனை வீதம் கூட்டினேன், எத்தனை வீதம் குறைத்தேன் என்று கணினி எழுதிவைக்கும் குறிப்பு அது. உடனடித் திருத்தத்தையும் நீண்டகாலத் திருத்தத்தையும் கூட்டிப் பார்த்து, கூட்டுத்தொகை கூடினாலும் குறைந்தாலும் 10 வீதத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. காற்றின் அளவை நேரடியாக அளக்கும் மாஸ் சென்சர் உள்ள இஞ்சினில், உதாரணமாக எக்ஸியோவின் 1.5 லீற்றர் இஞ்சினில், ஐட்லிங்கில் +20 காட்டி, 2500 ஆர்.பி.எம்.மில் பிடித்து வைத்திருக்கும்போது +5க்கு இறங்கினால், த்ரொட்டிலுக்குப் பின்னால் எங்கோ காற்று கசிகிறது. ஐட்லிங்கில் உள்ளே போகும் காற்று குறைவு என்பதால் கசிவின் பங்கு அங்கே பெரிதாகத் தெரிகிறது. மாறாக, வேகம் கூடக் கூடத் திருத்தமும் கூடினால் மாஸ் சென்சர் அழுக்காகியிருக்கலாம், அல்லது பெற்றோல் பம்பின் அழுத்தம் போதாமலிருக்கலாம். ஆனால் மெனிஃபோல்ட் எனும் காற்றுக்குழாயின் அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடும் இஞ்சின்களில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. கசிந்து வந்த காற்றும் அழுத்தத்தை உயர்த்துவதால் கணினி அதற்குரிய பெற்றோலையும் கொடுத்துவிடுகிறது. ட்ரிம் நல்லபடியாக இருக்க, ஐட்லிங் மட்டும் உயர்ந்து நிற்கும். தன் வண்டி எந்த வகை என்று தெரியாமல் ட்ரிம்மைப் பார்ப்பவர் எளிதில் ஏமாறுவார்.

மிக அநியாயமாகப் பழி சுமப்பது முன் ஒக்சிசன் சென்சர். கலவையில் பெற்றோல் போதவில்லை என்ற பி0171 வந்ததும் அதைக் கழற்றுகிறார்கள். ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால் அதிலிருந்த ஒக்சிசன் அப்படியே புகைக்குழாய்க்குள் வருகிறது. சென்சர் கண்டதைத்தான் சொல்கிறது. மிஸ்ஃபயர் தீராமல் புதுச் சென்சர் போட்டால் புதுச் சென்சரும் அதையேதான் சொல்லும். பழைய வகைச் சென்சர் 0.1 வோல்ற்றுக்கும் 0.9 வோல்ற்றுக்கும் இடையில் துடிப்பாக ஊசலாடுவதும், புதிய வகை எயார் ஃபியூல் சென்சர் அப்படி ஊசலாடாததும் இயல்பே. ஊசலாடாத ஒன்றைப் பழுதென்று எறிவதற்கு முன் எது எந்த வகை என்று பார்க்க வேண்டும்.

இந்த எண்கள் எதுவும் இஞ்சினின் உடல்நிலையைச் சொல்வதில்லை. வெக்கியூம் கேஜ் அதைச் சொல்கிறது. த்ரொட்டிலுக்குப் பின்னுள்ள சிறு குழாயொன்றில் இணைத்து, சூடான இஞ்சினை ஐட்லிங்கில் விட்டால், முள் 17 முதல் 21 பாதரச அங்குலத்துக்குள் அசையாமல் நிற்க வேண்டும். கடல் மட்டத்தில் வாழும் நமக்கு இந்த அளவு எந்தத் திருத்தமுமின்றிப் பொருந்துவது ஒரு வசதி. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அதே இஞ்சின் ஏறக்குறைய 6 அங்குலம் குறைத்தே காட்டும். அதே காரணத்தால், இங்கு சாவியைத் திருப்பி இஞ்சினை இயக்காமல் வாசிக்கும்போது மெனிஃபோல்ட் அழுத்த சென்சர் 101 கிலோபாஸ்கலுக்கு அருகில் காட்டாவிட்டால், சென்சரையே சந்தேகிக்கலாம். கேஜ் முள் ஒரே சீராகத் தாழ்ந்து நின்றால் காற்றுக் கசிவு அல்லது டைமிங் பிந்தியிருப்பது. ஒழுங்கான இடைவெளியில் திரும்பத் திரும்ப விழுந்து எழுந்தால் ஒரு சிலிண்டரின் வால்வோ எரிதலோ. 2500இல் பிடித்து வைக்கும்போது மெல்ல மெல்ல இறங்கினால் புகையைச் சுத்திகரிக்கும் கெட்டலிற்றிக் கொன்வேர்ட்டர் அடைபட்டிருப்பது. விலைகூடிய ஸ்கேனர் இவற்றுள் எரிந்த வால்வை வெறும் மிஸ்ஃபயர் என்று மட்டுமே எழுதும். கசிவின் இடத்தைத் தேடக் கார்பரேட்டர் கிளீனரைச் சூடான இஞ்சினில் தெளிப்பது தீ ஆபத்து; கொனெக்டர்களைத் தவிர்த்து மெல்லிய நீர்த்தூவல் விட்டால், கசியும் இடத்தில் நீர் ஒரு கணம் அடைக்க, ஐட்லிங் மாறுவது கேட்கும். எந்தச் சிலிண்டர் சோம்பியிருக்கிறது என்று பார்ப்பதற்குக் கொயில் வயரைக் கழற்றுவதைவிட இன்ஜெக்டர் வயரைக் கழற்றுவதே நல்லது. அப்போது எரியாத பெற்றோல் போய்க் கொன்வேர்ட்டரைச் சுட்டுவிடாது.

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் வாழும் வண்டிகளுக்கு உப்புக் காற்று தரும் தொல்லையை மூன்று கருவிகளும் நேரடியாகக் காட்டுவதில்லை. இஞ்சினை பொடியோடு இணைக்கும் எர்த் வயர் உள்ளே பச்சை பிடித்திருந்தால், பல சென்சர்கள் ஒன்றாகப் பொய் சொல்லும். ஏசியும் ஹெட்லைற்றும் போட்டு ஐட்லிங்கில் விட்டு, பற்றரியின் மறை முனைக்கும் இஞ்சின் உடலுக்கும் இடையில் மல்ரிமீற்றரால் அளந்தால், 0.2 வோல்ற்றுக்கு மேல் வரக்கூடாது. மாரி வெள்ளத்தில் ஓடிய வண்டியானால் பிளக் குழிகளில் நீர் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்ட பழைய வண்டிகள் சிலவற்றில் பொது அடாப்டர் இணையவே மறுக்கும். அவற்றுக்கு வெக்கியூம் கேஜே முதல் கருவி. வேகன் ஆர் போன்ற மென் ஹைபிரிட் வண்டிகளில் நிற்கும்போது இஞ்சினைத் தானாக நிறுத்தும் ஐடில் ஸ்டொப்பை அணைத்துவிட்டே அளக்க வேண்டும்; ஐட்லிங் கற்றல் தேவைப்பட்டாலோ மோட்டார் சார்ந்த கோட்கள் வந்தாலோ நேரே பெரிய ஸ்கேனர் உள்ள கராஜுக்குப் போவதே சரி. மற்ற எல்லாருக்கும், ஒன்றுக்கு மட்டுமே பணமிருந்தால் அடாப்டரையும், இரண்டுக்கு இருந்தால் அதோடு கேஜையும் வாங்கும்படி சொல்வேன். காலைக் குளிர்நிலை வெப்பநிலைகள், ஐட்லிங்கிலும் 2500இலும் ட்ரிம், கேஜ் முள்ளின் நிலை என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், அதன் பிறகு எந்த மெக்கானிக்கும் சென்சரின் பெயரை ஊகத்தில் சொல்லத் தயங்குவார்.