நிலாவெளி மணலா, தம்பலகாமம் சேறா?

2022இல் எரிபொருளுக்கும் சாப்பாட்டுச் சாமானுக்கும் தட்டுப்பாடான நேரம் திருகோணமலையில் வளவு கொத்தாத ஆளில்லை. முதல் மாரியில் யாருக்கும் பயற்றையும் கத்தரியும் காய்க்கும். தன் சாப்பாட்டைத் தானே விளைவித்துத் தன்னிறைவாய் இருக்க நினைக்கிறவர், ஐந்தாம் வருசமும் காய்க்குமா என்பதை வைத்துத்தான் காணி பார்க்க வேண்டும்: கரையோர நிலாவெளியிலா, வயல் ஊரான தம்பலகாமத்திலா?

நிலாவெளிப் பக்கம் கிணறு உங்களுடையது. ஒருத்தரையும் கேட்காமல் இறைக்கலாம், ஆழமும் பெரிதாய் வராது. ஆனால் கரையோர மணலில் நல்ல தண்ணி உப்புத்தண்ணிக்கு மேலே மெல்லிசாய்த்தான் நிற்கிறது. மோட்டரைப் போட்டுவிட்டு மறந்தால் சவர் ஏறிவிடும். ஆவணியில், கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கிற நேரம், இலை விளிம்பு கருகினால் வெயிலை மட்டும் திட்டாதீர்கள். கிணற்றுத் தண்ணியை நாக்கில் விட்டுப் பாருங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகள் உப்பாகிக் கிடந்ததைக் கண்டவர்களுக்கு இது புதிதல்ல. அதோடு மணல் எருவைத் தின்னும். கொட்டின சாணத்துச் சத்தில் பாதி மாரி மழையோடு கீழே இறங்கிவிடும், வருசாவருசம் திரும்பக் கொட்ட வேண்டும். மாடு இல்லாத வளவு கடைசியில் பசளைக் கடையில்தான் போய் நிற்கும். வெங்காயம், மரவள்ளி, முருங்கை வரும். அரிசி கடையில்தான்.

தம்பலகாமத்தில் அந்த அரிசிக் கவலை இல்லை. கந்தளாய்க் குளத்துத் தண்ணி, மாரியில் செய்கிற பெரும்போகம் ஒழுங்காய் விளைந்தால் வீட்டுக்கு வருசச் சாப்பாடு. தன்னிறைவு என்ற பேச்சுதான் அங்கே கொஞ்சம் இடிக்கிறது. வாய்க்கால் எப்போது திறக்கும், கோடையில் செய்கிற சிறுபோகத்துக்கு எவ்வளவு காணி விதைக்கலாம் என்பதெல்லாம் கமக்காரர் கூட்டத்தில் முடிவாகும். குளம் வற்றினால் எல்லா வயலும் வற்றும். 1986 ஏப்ரலில் குளக்கட்டே உடைந்தது. உழவுக்கும் வெட்டுக்கும் டீசல் வேண்டும், 2022இல் போத்தலோடு வரிசையில் நின்றவர்களைக் கேளுங்கள். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினபோது முதலில் தவித்ததும் வயல்காரர்தான். நாலு மாட்டுச் சாணம் வளவுக்குக் காணும், வயலுக்குக் காணாது. காட்டோர வயல் என்றால் யானைக்கும் பன்றிக்கும் இராக்காவல் வேறு.

என்னைக் கேட்டால், வீட்டில் வேலை செய்யக்கூடிய பிள்ளைகள் இரண்டு பேராவது ஊரில் நிற்பார்கள் என்றால் தம்பலகாமம். வயதான இரண்டு பேர் மட்டும் என்றால் நிலாவெளியில் அரை ஏக்கரும் இரண்டு பசுவும் போதும், அரிசியை வாங்குவோம். பிள்ளைகள் வெளிநாட்டுக்கு விசா போட்டிருக்கிற வீட்டுக்காரர் வயல் வாங்கினால் அடுத்த போகமே அது குத்தகைக்குப் போய்விடும்.