சிஎஸ்எஸ்: சுருக்க வரியா, தனித்தனி வரியா?

வலைப்பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில், பல அமைப்புகளை ஒன்றாகச் சொல்வது சுருக்க வரி, ஒவ்வொன்றையும் பிரித்துச் சொல்வது தனி வரி. ஒரு பெட்டியைச் சுற்றி நான்கு பக்கத்துக்கும் சேர்த்து இடைவெளி வைக்க 'மார்ஜின்' என்ற ஒற்றை வரி போதும். பெட்டியை நடுவில் நிறுத்த மட்டும் 'மார்ஜின்: 0 ஆட்டோ' என்று எழுதுவதுதான் வம்பு, மேலும் கீழும் இருந்த இடைவெளி பறிபோகும். பின்னணிக்கான 'பேக்கிரவுண்ட்' இன்னும் மோசம். நிறத்தை மாற்றப் போனால் முன்பு வைத்த படமும் காணாமல் போகும், ஏனென்றால் சொல்லாமல் விட்டவை எல்லாம் தொடக்க மதிப்புக்குத் திரும்பிவிடும். அங்கே 'பேக்கிரவுண்ட்-கலர்' என்று தனியாக எழுதுவதே என் கட்சி.

பழைய பிரவுசர்களுக்கும் தனி வரிதான் பாதுகாப்பு. பெட்டியின் இடத்தைக் குறிக்கும் நான்கு பக்கத் தூரத்தையும் ஒரே வரியில் சொல்லும் 'இன்செட்' குரோமில் 87ஆம் பதிப்பிலும் சஃபாரியில் 14.1இலும்தான் வந்தது, அதற்கு முந்தையவை அந்த வரியைக் கண்டுகொள்ளாது. அந்த நான்கையும் டாப், ரைட், பாட்டம், லெஃப்ட் என்று தனியாக எழுதினால் எங்கும் ஓடும்.

பெட்டிகள் இடத்தை எப்படிப் பகிர வேண்டும் என்று சொல்லும் 'ஃபிளெக்ஸ்' மட்டும் விதிவிலக்கு. 'ஃபிளெக்ஸ்: 1' என்றால் பேசிஸ், அதாவது பெட்டியின் தொடக்க அளவு, பூஜ்ஜியமாகும், பெட்டிகள் சமமாகப் பிரியும்; 'ஃபிளெக்ஸ்-குரோ: 1' மட்டும் எழுதினால் பேசிஸ் ஆட்டோவிலேயே நிற்கும். அங்கே சுருக்கத்தையே எழுதுங்கள்.